புரட்டாசி மாதத்து மீன் கேரியர்

கங்கையம்மன் துணை

லைட்ஹவுஸ் குப்பம்,
2-9-2024

சம்பந்தியம்மா தேவகி அவர்களுக்கு,

வெள்ளிக்கிழமை மெதூரில் உங்கள் வீட்டுக் கூடத்தில் என் மகள் நிவேதாவுக்கு வளைகாப்பு நடந்தபோது இருந்தவர்கள்: மனையில் நிவேதா. அவளுக்கு வலப்பக்கம் நீங்கள், இடப்பக்கம் நான். எதிரே உங்கள் வீட்டுக்காரர் வரதன் அண்ணன், அவர் பக்கத்தில் என் வீட்டுக்காரர் பச்சைமுத்து. வாசற்படியில் மாப்பிள்ளை பிரசாந்த். வளையல் அடுக்கியது உங்கள் நாத்தனார் நந்தினி. வேறு யாரும் உள்ளே இல்லை, மற்றவர்கள் பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நான் அப்படிச் சொல்லவேயில்லை என்று நாளைக்கு நீங்கள் சொல்லிவிடக் கூடாது.

அன்று விடிவதற்கு முன்பே குளித்து, அம்மனுக்கு விளக்கேற்றிவிட்டு, கிழங்கான் மீன் குழம்பும் சுறாப்புட்டும் செய்து எடுத்து வந்தேன். ஏழாம் மாதத்திலிருந்து தாய் வீட்டுச் சோறு போக வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பிள்ளைத்தாய்ச்சி அதில் மிச்சம் வைக்கக் கூடாது, யாருக்கும் பங்கு கொடுக்கவும் கூடாது. நீங்கள் அந்தச் சட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "நந்தினி, இத்த கொண்டுபோய்ப் பின்னாடி வையி. சாமி படத்தாண்ட கவுச்சி வாணாம்" என்றீர்கள். சரி, அதையும் பொறுத்தேன். ஆனால் அதற்கப்புறம் என் மகள் உங்கள் பக்கம் தட்டை நீட்டி, "அத்த, இன்னும் ஒரு கரண்டி கீர வைங்க" என்று கேட்டாளே, அப்போது நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போவதும் முறைதான். பொன்னேரி ஆஸ்பத்திரி உங்கள் வீட்டிலிருந்துதான் கிட்டம் என்று அதையும் நிறுத்தினீர்கள். என் வீட்டுக்காரரும் தலையை ஆட்டிவிட்டு வந்தார். மறுநாள் போனில் நாம் இரண்டு பேரும் பேசிய பேச்சுக்கு நிவேதா அழுதிருக்கிறாள். மாப்பிள்ளை வந்து என்னிடம், "இனிமே ரெண்டு பேரும் போன்ல பேசக் கூடாது. சொல்ல வேண்டியத எழுதி கேரியர் பைல வைங்க. எழுதுனா கை வலிக்கும், சண்டையும் கொஞ்சமா வரும்" என்றார். அதனால் எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. கோயில் சுவரில் உபயதாரர் பேர்களைப் பார்த்துப் பார்த்து எழுத்து கற்றுக்கொண்டவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை காட்டுப்பள்ளியில் ராத்திரி வேலை முடிந்து காலையில் இந்த வழியாகத்தான் வருகிறார். ஒருநாள் விட்டு ஒருநாள் கேரியர் வரும். ரத்தம் கம்மியாக இருக்கிறது என்று நர்ஸ் சொன்னது எனக்கும் தெரியும். அவள் வேளாவேளைக்கு என்ன சாப்பிடுகிறாள் என்று எனக்கு எழுதுங்கள்.

இந்திராணி


மெதூர்,
5-9-2024

இந்திராணி அம்மாவுக்கு,

யார் யார் இருந்தார்கள் என்று அவ்வளவு சுத்தமாக எழுதிய நீங்கள் ஒருவரை விட்டுவிட்டீர்கள். எங்கள் வீட்டுப் பூனை. உங்கள் சட்டியைப் பின்னால் வைத்ததும் முதலில் திறந்து பார்த்தது அதுதான். அதற்குச் சுறாப்புட்டு ரொம்பப் பிடித்திருந்தது.

கேட்டீர்கள், சொல்கிறேன். காலையில் முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை. நடுவில் ஒரு கொய்யாப்பழம், இல்லையென்றால் வேகவைத்த வேர்க்கடலை. மதியம் சோறு, பருப்பு, ஏதாவது ஒரு கீரைக் கடைசல், ஒரு பொரியல், மோர். சாயங்காலம் சுண்டல். ராத்திரி இரண்டு இட்லி. இரும்புச் சத்து மாத்திரையை டீயோடு போட்டால் உடம்பில் சேராது என்று எங்கள் ஊர் நர்ஸ் கலைவாணி சொன்னதிலிருந்து, இந்த வீட்டில் நானும் டீ குடிப்பதை விட்டேன். அவள் எதிரில் நான் குடித்தால் அவளுக்கும் கேட்கத் தோன்றுமே. போதுமா?

இனி நானும் ஒன்று சொல்கிறேன். மசக்கையில் மூன்று மாதம் அவள் எதைத் தின்றாலும் வாந்தி எடுத்தாள். நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். எந்தக் கீரை தொண்டைக்குக் கீழே இறங்கும் என்று வயல் வரப்பு முழுக்கத் தேடியவளும் நான்தான். நேற்று உங்கள் கேரியர் வந்தது. மூடியைத் திறந்தவள் கண்ணை மூடிக்கொண்டு, "அம்மா வாசன" என்றாள். என் மகன், அவன் பிறந்ததிலிருந்து நான் சோறு போட்டு வளர்த்தவன், அவனும் குனிந்து மோந்து பார்த்துவிட்டு "ஆமா" என்கிறான். என் கீரையை அத்தை வாசனை என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

17-ஆம் தேதி புரட்டாசி பிறக்கிறது. அந்த மாதம் முழுக்க மீன், முட்டை, கறி எதுவும் எங்கள் வீட்டுப் படி ஏறாது. இந்த வருடம் பேரப்பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று பெருமாளிடம் தனியாகவும் வேண்டிக்கொண்டிருக்கிறேன். மாதம் பிறந்ததும் கேரியர் அனுப்பாதீர்கள்.

தேவகி


கங்கையம்மன் துணை

லைட்ஹவுஸ் குப்பம்,
12-9-2024

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பூனை விஷயத்தை என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்.

உங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் நான் இல்லை. திரும்பி வரும் கேரியரில் முள் கிடக்கிறது. அதைப் பார்த்தே அவள் எத்தனை மீன் சாப்பிட்டாள் என்று கணக்குச் சொல்லிவிடுவேன். திங்கட்கிழமை அனுப்பிய மடவையில் ஒன்றின் முள் வரவில்லை. அதை மாப்பிள்ளை தின்றிருப்பார், போகட்டும்.

பழவேற்காடு ஆஸ்பத்திரிக்கு நானே நடந்துபோய் அங்கிருந்த நர்ஸிடம் கேட்டேன். சின்ன மீனெல்லாம் நல்லதுதான், வாரத்தில் இரண்டு மூன்று நாள் தரலாம், பிள்ளை மூளைக்கு நல்லது என்றாள். கருவாடு கொஞ்சமாக, உப்பு ஜாஸ்தி. சுறா மாதிரிப் பெரிய மீன் இப்போது வேண்டாம் என்றாள். "இன்னாம்மா, எங்க ஜனம் மொத்தமும் சுறாப்புட்டு துன்னு தானே பெத்துது?" என்று கேட்டுவிட்டேன். "அது பெத்ததுக்கு அப்புறம் குடுக்கறது, ஆயா" என்றாள். எனக்கு இன்னும் பேரப்பிள்ளையே பிறக்கவில்லை, அதற்குள் ஆயாவாம். ஆனாலும் அவள் சொன்னது சரிதான், சுறாவை நிறுத்திவிட்டேன். உங்கள் பூனைதான் பாவம்.

உங்கள் பெருமாளுக்கு நான் மரியாதை தருகிறவள். ஆனால் எங்கள் அம்மன் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறவள். வலையில் விழுந்த முதல் மீனை அவள் கோயில் வாசலில் வைத்துவிட்டுத்தான் நாங்கள் விலை பேசுவோம். அவள் மீனைத் தள்ளிவைத்ததில்லை. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு இரண்டு சாமியும் வேண்டும் என்று நினைக்கிறேன்.

நேற்று நிவேதா போன் செய்தாள். "அம்மா, கீரய அத்த எப்டி கடையறாங்கன்னு கேட்டுச் சொல்றேன், நீயும் கத்துக்க" என்றாள். இருபத்து மூன்று வருடம் என் கையால் சாப்பிட்டவள். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சரி. புரட்டாசி முழுக்க என் மீன் உங்கள் வீட்டுப் படி ஏறாது. இதை எழுத்திலேயே தருகிறேன்.

இந்திராணி


மெதூர்,
22-9-2024

இந்திராணி அம்மாவுக்கு,

நீங்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறீர்கள். அதற்கு நன்றி எழுத வேண்டும் என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

இன்னொரு செய்தியும் இருக்கிறது. புரட்டாசி பிறந்து மீன் வாசனை நின்ற நாளிலிருந்து அவளுக்குப் பசி வந்துவிட்டது. முன்பெல்லாம் தட்டில் ஒரு பிடி ஒதுக்குவாள். இப்போது வழித்துச் சாப்பிடுகிறாள். நான் இன்னும் ஒரு கரண்டி என்றால் வேண்டாம் என்று சொல்வதில்லை. நேற்று புரட்டாசி முதல் சனிக்கிழமை. பெருமாளுக்குத் தளிகை போட்டோம். சர்க்கரைப் பொங்கல் இரண்டு முறை வாங்கினாள். மாவிளக்கு மாவில் பெரிய உருண்டையாகக் கொடுத்தேன், அதையும் தின்றாள். முகம் உப்பி, கன்னம் பளபளவென்று இருக்கிறது. எதிர்வீட்டு அம்மாள் வந்து பார்த்துவிட்டு, "மருமவள இன்னாத்த போட்டு வளக்கறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். நான் அடக்கமாகத்தான் பதில் சொன்னேன். ஆனால் தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.

தாயோ மாமியாரோ, கைப்பக்குவம் என்று ஒன்று இருக்கிறது. இதை நான் சொல்லவில்லை. அவள் தட்டு சொல்கிறது.

வியாழக்கிழமை பொன்னேரியில் சர்க்கரைச் சோதனை. போன தடவை நன்றாகவே இருந்தது.

தேவகி


கங்கையம்மன் துணை

லைட்ஹவுஸ் குப்பம்,
24-9-2024

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நேற்றே படித்தேன். எழுதக் கூடாது என்று ஒரு ராத்திரி முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். காலையில் கோயிலுக்குப் போனேன், சுற்றி வந்தேன், அப்பொழுதும் அடங்கவில்லை. கைப்பக்குவம் என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த வார்த்தை மீன் முள் மாதிரி தொண்டையில் நிற்கிறது.

உண்மையைத் தெரிந்துகொள்ளுங்கள். என் மீன் உங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. உங்கள் வயலில் மோட்டார் கொட்டகை இருக்கிறதே, அதற்குப் படி கிடையாது. புரட்டாசி பிறந்த நாளிலிருந்து என் கேரியர் அங்கேதான் போகிறது. மாப்பிள்ளை வைத்துவிட்டு வருவார். மதியம் நடந்துவிட்டு வருகிறேன் என்று உங்களிடம் சொல்லிவிட்டு நிவேதா அங்கே போவாள். அடித்தட்டில் சோறு, அதை நான் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித்தான் வைப்பேன். நடுத்தட்டில் மீன் குழம்பு. மேல்தட்டில் நெத்திலி வறுவல். மூன்று தட்டும் காலியாகத்தான் எனக்குத் திரும்பி வருகிறது, முள்ளோடு. மோட்டார் தண்ணியில் வாய் கொப்பளித்துவிட்டு, கறிவேப்பிலையை மென்றுவிட்டு, அதற்கப்புறம்தான் உங்கள் தட்டுக்கு வருகிறாள்.

அந்தக் கன்னத்துப் பளபளப்பு யாருடையது என்று இப்போது எதிர்வீட்டு அம்மாளிடம் போய்ச் சொல்லுங்கள். உங்கள் தட்டை அவள் வழிப்பது மரியாதைக்கு. என் கேரியரை வழிப்பது பசிக்கு.

மறைத்தது தப்பென்றால் என் பேரில் போடுங்கள். மாப்பிள்ளையைத் திட்டாதீர்கள். வேண்டாம், வேண்டாம் என்றுதான் அவர் சொன்னார். என் மகளைப் பட்டினி போடுகிறீர்களா என்று நான்தான் கேட்டேன்.

இந்திராணி


மெதூர்,
27-9-2024

இந்திராணி அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை நேற்றுப் பொன்னேரி ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். காலையில் அவசரத்தில் பிரிக்காமல் பையில் போட்டுக்கொண்டு போனது.

நிவேதாவுக்குச் சர்க்கரைத் தண்ணீர் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். நூற்று நாற்பதுக்குள் இருக்க வேண்டுமாம். நூற்று எழுபத்திரண்டு இருந்தது. எடையும் இந்த மாதத்தில் ரொம்பக் கூடியிருக்கிறது. டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, "இந்தப் பொண்ணு ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுதாம்மா?" என்று கேட்டார். நான் கோபமாக, "நான் போடறதுதான் சாப்பிடுது, அளவாத்தான் போடறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். மருந்துச் சீட்டைத் தேடினபோது உங்கள் கடிதம் கைக்கு வந்தது.

படித்து முடித்ததும் எழுந்து உள்ளே போனேன். "டாக்டரம்மா, ரெண்டு ஆள் சாப்பாடுதான்" என்றேன். அத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

நீங்கள் என்னை ஜெயிப்பதற்காக எழுதியதுதான் அது, எனக்குத் தெரியும். ஆனால் எழுதாமல் விட்டிருந்தால் நேற்றே ஊசி ஆரம்பித்திருப்பார்கள். இப்படியே போனால் பிள்ளை வயிற்றிலேயே பெருத்துப்போய்ப் பிரசவம் சிக்கலாகும் என்றார். பிறந்த உடனே பிள்ளைக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடவும் கூடுமாம். இரண்டு வாரம் சாப்பாட்டை மாற்றிப் பார்க்கலாம், இறங்கவில்லை என்றால் இன்சுலின் என்றார்.

வரும் வழியில் பஸ்ஸில் நிவேதாவிடம் கேட்டேன், ஏன்டி இப்படிச் செய்தாய் என்று. முதலில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்: "நான் இன்னா பண்றது, அத்த? அம்மா சோத்துல மிச்சம் வெக்கக் கூடாது. உங்க சோத்துல மிச்சம் வெச்சா உங்க மொகம் வாடிப்போவுது. ரெண்டு பேரும் என் தட்டையே பாத்துக்கினு நிக்கறீங்க. எதுல ஒரு பிடி ஒதுக்குனாலும் அடுத்த நாளு ஒரு லெட்டர் வருது." திருப்பாலைவனத்துக்காரி ஒருத்தி முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தாள். நான் வெளியே பார்த்தேன்.

டாக்டரம்மா சொன்ன சாப்பாடு இது. தட்டில் பாதி காய், கீரை. கால் பங்கு சோறு, ஒரு சின்னக் கிண்ணம்தான். மீதிக் கால் பங்கு மீனோ, முட்டையோ, சுண்டலோ. இனிப்பு கிடையாது. ஒரே வேளையில் நிரப்பாமல் பிரித்துப் பிரித்துத் தர வேண்டும். சாப்பிட்டபின் மெதுவாக ஒரு நடை. பட்டினி மட்டும் கூடவே கூடாது. குழம்பு மீன் தரலாமா என்று நானேதான் கேட்டேன். நல்லது என்றார்.

பெருமாளுக்கு நான் சொன்ன சொல் வீட்டைப் பற்றியது. அதை மாற்ற மாட்டேன். ஆனால் மோட்டார் கொட்டகையில் உட்கார எனக்கும் தெரியும். என் கீரையையும் காயையும் அங்கே எடுத்துக்கொண்டு போகிறேன். உங்கள் மீனையும் அனுப்புங்கள். ஒரே தட்டு, ஒரே வேளை. அதில் யார் பரிமாறுவது என்பதை மட்டும் நீங்கள் சொல்லுங்கள்.

ஊரெல்லாம் கைப்பக்குவம் என்று பேசித் திரிந்தேன். அதுதான் எனக்கு ஆறவில்லை.

தேவகி


கங்கையம்மன் துணை

லைட்ஹவுஸ் குப்பம்,
29-9-2024

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

மாப்பிள்ளை உங்கள் கடிதத்தைக் கொடுத்தபோது நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். கையைக்கூடக் கழுவாமல் படித்தேன், தாளில் செதில் ஒட்டியிருக்கிறது. நூற்று எழுபத்திரண்டு என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அப்புறம் என் வீட்டுக்காரர் வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். அவர் அதிகம் பேச மாட்டார். தாளை மடித்துக் கொடுத்துவிட்டு, "இன்னாடி, நீ ஒரு பக்கம் அவங்க ஒரு பக்கம், நடுவுல என் பொண்ண வச்சி வல இழுத்துக்கினு கீறீங்க" என்று சொல்லிவிட்டுக் கரைக்குப் போய்விட்டார். சாயங்காலம் வரை திரும்பி வரவில்லை.

நான் நெத்திலியை அப்படியே விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனேன். அம்மன் முன்னால் உட்கார்ந்தால் எப்போதும் ஏதாவது கேட்பேன். அன்று கேட்கத் தெரியவில்லை. சோற்றைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி வைத்தேன் என்று உங்களிடம் பெருமையாக எழுதினேனே, அந்த விரலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

நாளை முதல் கேரியரில் சோறு வராது. ஒரு தட்டுதான் வரும். மீனில் எண்ணெயும் உப்பும் குறைத்து வைக்கிறேன். வறுவல் கிடையாது. வாரத்தில் மூன்று நாள் கிழங்கானோ மடவையோ வரும். மீதி நாள் உங்கள் சுண்டல். தாய் வீட்டுச் சோற்றில் மிச்சம் வைக்கக் கூடாது என்ற வழக்கத்தை அம்மனிடம் சொல்லி எடுத்துவிட்டேன். நிவேதாவிடம் நீங்களே சொல்லுங்கள், நான் சொன்னால் அழுவாள்.

பரிமாறுவது நீங்கள்தான். இந்த ஒரு வரியை எழுத எனக்கு மூன்று தாள் கிழிந்தது. இரண்டு பேர் கை வைத்தால் இரண்டு பேர் அளவு வந்துவிடும் என்று இப்போது புரிகிறது. அளவு உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். மீனில் முள்ளை எடுத்து வைக்காதீர்கள். முள் பிரிக்க அவளுக்குத் தெரியும். பால் பல் விழுவதற்கு முன்பே நான் கற்றுக்கொடுத்தது. அதையாவது என்னுடையது என்று விட்டுவிடுங்கள்.

இந்திராணி


மெதூர்,
14-10-2024

இந்திராணி அம்மாவுக்கு,

முதலில் நீங்கள் எதிர்பார்க்கிற செய்தி. வியாழக்கிழமை மறுபடி ரத்தம் எடுத்தார்கள். சாப்பிட்டபின் நூற்றுப் பதினெட்டு. ஊசி இப்போதைக்கு வேண்டாம் என்றார்கள். ஸ்கேனில் பிள்ளையின் எடை சரியாக இருக்கிறது. வாராவாரம் பொன்னேரிக்கு வந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டரம்மா. ரத்தமும் பரவாயில்லை, ஏறியிருக்கிறது. பிரசாந்த் போனில் சொல்லியிருப்பான், இருந்தாலும் நான் எழுதினால்தான் கணக்கில் சேரும் என்று எனக்குத் தெரியும்.

இனி கொட்டகைக் கதை. முதல் நாள் மோட்டார் பெட்டிமேல் தட்டை வைத்து, உங்கள் மீனைக் கரண்டியால் எடுத்துப் போட்டேன். என் வாழ்நாளில் புரட்டாசியில் மீன் வாசனைக்கு அவ்வளவு பக்கத்தில் நான் உட்கார்ந்ததில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கோவிந்தா, கோவிந்தா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் மடை திறக்க வந்தவர், "ஏம்மே, பெருமாள் கோவில மாத்திட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

முள்ளை நான் எடுக்கவில்லை. எடுக்கத் தெரிந்தால்தானே. வாய்க்குள்ளேயே பிரித்து ஒரு ஓரமாக எப்படிக் கொண்டுவருகிறாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அதைப் பார்க்கையில் நான் அவளுடைய வீட்டாள் இல்லை என்று தோன்றியது. உண்மையை எழுதுகிறேன், உங்கள்மேல் எனக்குக் கோபம் வந்தது.

இனி மிச்சம் வைக்கலாம் என்ற உங்கள் செய்தியை அவளிடம் சொன்னேன். மறுநாளே சோதித்துப் பார்த்தாள். என் கீரையில் பாதியைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினாள். ஒதுக்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் வயலைப் பார்த்தேன். நாற்று நன்றாக வந்திருக்கிறது என்றேன். உங்கள் மீனிலும் ஒருநாள் ஒரு துண்டு ஒதுக்கினாள், அதையும் எழுதிவிடுகிறேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

புரட்டாசி வியாழனோடு போகிறது. ஐப்பசியில் ஒன்பதாம் மாதம். அன்று வளைகாப்பில் நான் உங்கள் முறையைத் தடுத்தேன். இப்போது நீங்கள் வந்து அழைத்துப் போங்கள். அந்தக் கிண்ணத்தின் அளவைத் தாண்டிச் சோறு போடாதீர்கள். ராத்திரியில் பசிக்கிறது என்பாள், ஒரு பிடி சுண்டல் போதும். மாத்திரைக்கு எலுமிச்சைத் தண்ணீர். இதையெல்லாம் எழுதும்போது, இனி என் கையைத் தேடுவாளா என்று ஒரு நினைப்பு வருகிறது. தேடவில்லை என்றால் எனக்கு எழுத வேண்டாம்.

தேவகி


கங்கையம்மன் துணை

லைட்ஹவுஸ் குப்பம்,
18-10-2024

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் தெரு முழுக்க நடந்தேன். எல்லோரிடமும் என் மகள் வருகிறாள் என்று சொன்னேன். உள் அறையைக் கழுவிவிட்டேன். கயிற்றுக் கட்டிலுக்குப் புதுக் கயிறு போடச் சொன்னேன். எப்படியும் என்னிடம்தானே வருகிறாள் என்று மனம் துள்ளியது. அது நல்ல சந்தோஷம் இல்லை என்று தெரிந்தும் துள்ளியது.

அன்று ராத்திரியே மழை பிடித்தது. மூன்று நாளாக விடவில்லை. படகெல்லாம் மேட்டில் ஏற்றிக் கிடக்கிறது. ஏரித் தண்ணீர் ரோட்டுக்கு வந்துவிட்டது. எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு நேற்று வலி எடுத்தது. ஆட்டோ பாலத்தைத் தாண்ட முடியாமல் நின்று, நாலு பேர் தண்ணீரில் இறங்கித் தள்ளினார்கள். நல்லபடியாகப் பெற்றுவிட்டாள், பெண் குழந்தை. நான் அந்த ஆட்டோவையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டோவுக்குள் இருந்த முகம் எனக்கு நிவேதா மாதிரியே தெரிந்தது.

கோயிலில் பூ கேட்கலாம் என்று போனேன். வலப்பக்கம் விழுந்தால் அழைத்து வருவது, இடப்பக்கம் விழுந்தால் அங்கேயே விடுவது. ஆனால் கேட்காமல் திரும்பிவிட்டேன். அம்மன் என்மேல் உள்ள பாசத்தில் எனக்குப் பிடித்த பக்கமே போட்டுவிடுவாள் என்று பயமாக இருந்தது. ஒவ்வொரு வாரமும் பொன்னேரிக்குப் போக வேண்டியவளை இந்தத் தண்ணீருக்கு நடுவே கொண்டுவந்து வைத்துக்கொள்வது என் ஆசைக்குத்தான், அவள் வயிற்றுக்கு இல்லை. இதற்கு அம்மனைக் கேட்க வேண்டியதில்லை.

நிவேதா அங்கேயே இருக்கட்டும். பிரசவம் வரைக்கும்.

எழுதிவிட்டேன். எழுதிய கை எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது. ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேனே, அவர்கள் என்ன கேட்பார்கள் என்பது தனி. மாமியார் விடவில்லை என்று சொல்ல நாக்கு துடிக்கிறது. சொல்ல மாட்டேன்.

ஆனால் அவளைப் பார்க்காமல் இன்னும் ஒரு மாதம் என்னால் முடியாது. கேரியரில் முள்ளைப் பார்த்துத் திருப்திப்பட்ட காலம் போய்விட்டது. நானாக வந்து உங்கள் வாசலில் நிற்க மாட்டேன், அந்த வீம்பு என்னிடம் இன்னும் இருக்கிறது. நீங்கள் கூப்பிட்டால் வருவேன். உங்கள் அடுப்பு எனக்கு வேண்டாம். கொட்டகையில் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ் இருந்தால் என் மீனை நான் அங்கேயே சமைத்துக்கொள்வேன். பரிமாறுவது நீங்கள்தான். நீங்கள் போடும்போது நான் பார்க்காமல் இருப்பேன் என்று மட்டும் சத்தியம் செய்ய மாட்டேன். பார்ப்பேன். எரிச்சலும் வரும். வாயைத் திறக்க மாட்டேன். படுக்க ஒரு பாய் போதும், அவள் பக்கத்தில் வேண்டும். மறுபக்கம் நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை மறுபடி இந்த வழியாக வருவார், தண்ணீர் வடிந்திருந்தால். துணி எடுத்து வைக்கட்டுமா, வேண்டாமா? ஒரு வரி போதும். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

இந்திராணி